பெட்டிக்கு அடியில் விழுந்தது

ஏழுமடையில் திரவியத்தின் புதுப் பெட்டி முதன்முதலாகப் பேசிய நாளில், கல்யாண மண்டபத்தில் வரவேற்பு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்த நேரத்தில், பெட்டிக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வழிந்து, மேடைப் படியில் இறங்கி, மாப்பிள்ளையின் தாய்மாமன் கழற்றிப் போட்டிருந்த செருப்புக்குள் போய்த் தேங்கிக்கொண்டது. தாய்மாமன் அப்போதுதான் மைக்கில் வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கியிருந்தார். செருப்புக்குள் காலை விட்டவர் முகத்தைச் சுளித்து, பாயசத்தை இங்கே கொட்டியது யார் என்று சமையல்காரரைத் திட்டினார். சமையல்காரர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தன் பாயசம் ஏழு நாள் கழித்தும் இப்படி நாறாது என்று சத்தியம் செய்தார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இலையில் விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்கினார்கள். துடைப்பதற்குப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள்.

பஞ்சவர்ணம் திரவியத்தின் மனைவி. அவன் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்து திருகுகளைத் திருகிக்கொண்டிருப்பான். வயர் சுற்றுவதும் மைக் ஸ்டாண்டைத் தூக்கி வைப்பதும் வேனில் பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் அவள். அந்த வீட்டில் காதை அவனுக்கும் மூக்கை அவளுக்குமாகக் கடவுள் பிரித்துக் கொடுத்திருந்தார். பக்கத்து ஊர்க் கோயிலில் நாதஸ்வரம் அரை மாத்திரை பிசகினாலும் அவனுக்குத் தூக்கம் கலைந்துவிடும். பக்கத்துத் தெருவில் பால் திரிந்தால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அன்றைக்கு மேடைப் படியில் மண்டியிட்டு, பழைய வேட்டித் துணியால் அதை அவள் அள்ளியபோது, ஆறிப்போன கஞ்சியின் ஆடைபோல அது துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போதுதான் யாரோ வாயிலிருந்து துப்பியதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. பல் விளக்காத வாயும், மூடிவைத்து மறந்த மீன்சட்டியும், மழைக்காலத்து ஈரத்துணி மூட்டையும் சேர்ந்து ஒரு நாற்றம். மூன்று முறை சோப்புப் போட்டும் அது அவள் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அன்று இரவு அவள் சோற்றைப் பிசையாமல் கரண்டியால் தின்றாள்.

திரவியத்துக்கோ அன்று பசியே இல்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். இருபது வருடத் தொழிலில் அவன் தேடியது அன்றைக்குத்தான் அவனுக்குக் கிடைத்திருந்தது. அவன் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் ஸ்பீக்கரில் மேளச் சத்தம் கிழிந்து, கெட்டிமேளம் கழுதை கனைப்பதுபோலக் கேட்டு, மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அவன் காதுக்குள்ளேயே குடியிருந்தது. அதற்குப் பிறகு அவன் கட்டிய பெட்டிகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்: அடிச் சத்தத்துக்குப் பெரிய கூம்பு, மனிதக் குரலுக்கு நடுக் கூம்பு, ‘ஸ்’ஸும் ‘ஷ்’ஷும் சலங்கையும் பேசுவதற்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு சின்னக் கூம்பு. உள்ளே வருகிற சத்தத்தை மூன்றாகப் பிரித்து அவரவர் பங்கை அவரவருக்கு அனுப்ப, செம்புக் கம்பிச் சுருளும் கண்டென்சரும் பற்றவைத்த ஒரு பலகை. பலகை என்னதான் நியாயமாகப் பங்கு வைத்தாலும், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் வரப்பில் சண்டை போடுவதுபோல, ஒரு கூம்பின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்குகிற இடத்தில் சத்தம் ஒன்றோடொன்று உரசி, யாரும் பாடாத, யாரும் பேசாத ஒரு கரகரப்பைப் பெற்றுப் போட்டுவிடும். சத்தத்தை ஏற்ற ஏற்ற அந்தக் கரகரப்பும் பெருகும். எல்லாப் பெட்டியிலும் உள்ளதுதான். திரவியத்தின் புதுப் பெட்டியில் மட்டும் அது இல்லை. சுனைநீர்போலக் குரல் வந்தது. காற்று போவதற்காகப் பெட்டியின் அடியில் அவன் போட்டிருந்த ஓட்டை வழியாகக் கரகரப்பு கீழே இறங்கி, தரையில் விழுந்துவிட்டது.

ஏன் விழுந்தது என்று ஏழுமடையில் யாரும் ரொம்ப நாள் யோசிக்கவில்லை. முதலில் மெழுகு உருகுகிறது என்றார்கள். அப்புறம் உள்ளே எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். அப்புறம் இது மைக்கில் சொல்லப்படுகிற பொய்தான் என்று ஒரு பேச்சுக் கிளம்பி, கொஞ்ச காலம் மைக்கைத் தொடவே எல்லோரும் அஞ்சினார்கள். ஆனால் பிள்ளையார் கோயில் பூசாரி, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர், திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை உரக்க வாசித்தபோது ஒரு குடம் நிறைய விழுந்தது. சாராய வழக்கில் உள்ளே போய் வந்த ஒருவன் தணிந்த குரலில் தன் அம்மாவின் கருமாதிக்கு வந்தவர்களுக்கு நன்றி சொன்னபோது ஒரு சொட்டுக்கூட விழவில்லை. தினமும் அதைத் துடைக்கிற பஞ்சவர்ணத்துக்குக் கணக்கு புரிந்துவிட்டது. பொய்க்கும் மெய்க்கும் இதில் சம்பந்தமில்லை. தன் தொண்டைக்கு மீறி, தன் அளவுக்கு மீறி, ஊரே தன்னைக் கேட்க வேண்டும் என்று எவன் கத்துகிறானோ அவனுக்கு விழும்.

அது தெரிந்ததும் ஊருக்குப் பயம் போய்விட்டது. பொய் இல்லையென்றால் அப்புறம் என்ன, கத்தலாமே. கத்தினால் தேனாகக் கேட்கிறதே. கல்யாணம், காதுகுத்து, பூப்பு நீராட்டு, கட்சிக் கூட்டம், கடை திறப்பு என்று எல்லாவற்றுக்கும் திரவியத்தின் பெட்டிதான் வேண்டும் என்று நின்றார்கள். பெட்டிக்கு அடியில் வைக்க ஒரு பித்தளை அண்டாவை வாங்கி, அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார்கள். மண்டபத்து முதலாளி மேடையின் கீழ் சிமெண்டால் வாய்க்கால் கட்டினார். சம்பந்தம் பேசப் போகிற பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டு விசேஷத்தில் அண்டா எத்தனை தடவை மாற்றினார்கள் என்று தரகரிடம் விசாரித்தார்கள். அதிகமாக மாற்றியிருந்தால் நல்ல வாக்குச் செல்வாக்குள்ள குடும்பம் என்று அர்த்தம். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சாப்பிடுகிற ஒரு புது நாகரிகம் வந்தது. அதற்காகவே பன்னீர் தெளித்த சின்னச் சின்னத் துண்டுகளைத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

சேர்மன் தளவாய்மணி பேசுகிற கூட்டங்களில்தான் அதிகம் விழும். அவருடைய கசடு கறுப்பாக, தலைமுடி கலந்ததுபோல நூல்நூலாக இருக்கும். ஒரு நாள் பேருந்து நிலையக் கூட்டம் முடிந்து பஞ்சவர்ணம் அண்டாவை எடுக்கப் போனபோது, அவருடைய ஆட்கள் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டான். இன்னொருவன் குழந்தைக்குப் பேச்சு சீக்கிரம் வரும் என்று சொல்லி, இடுப்பிலிருந்த பிள்ளையின் நாக்கில் தடவினான். பிள்ளை குமட்டிக்கொண்டு கத்தியது. சுற்றி நின்றவர்கள் சந்தோஷமாகச் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் கடைசி பஸ்ஸின் பின்னால் போய் நின்று, காலையில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். தன் வாந்தியின் நாற்றம் அவளுக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

வீட்டிலும் அவளுக்கு விடுதலை இல்லை. மத்தியானங்களில் திரவியம் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்து, முன்னறையில் உட்கார்ந்தபடி அடுக்களையில் நிற்கிற அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அத்தனை வருடத்தில் அவன் அவளை ஏட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். பஞ்சவர்ணம் என்று அந்தப் பெட்டி சொன்னபோது, தன் பெயரில் இத்தனை அழகு இருந்ததா என்று அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ஓடி வந்து பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை, இன்னும் உரக்க, அவள் பெயரைச் சொன்னான். பெட்டிக்கு அடியில் ஒரு சொட்டு விழுந்தது. அவளுடைய பெயரிலிருந்து விழுந்தது என்பதால் அது நாறாது என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். நாறியது.

அண்டாவில் சேர்ந்ததை எங்கே கொட்டுவது என்று கேட்காமலேயே ஊருக்கு விடை தெரிந்திருந்தது. ஏழுமடையின் எல்லாச் சாக்கடையும் எங்கே போகிறதோ அங்கேதான். ஊரின் கிழக்கே, பள்ளத்தில், ஊசிக்குளம். அதன் கரையில் குளத்தடித் தெரு. நகராட்சியில் தெருக் கூட்டுகிறவர்களும் சாக்கடை அள்ளுகிறவர்களும் அங்கே குடியிருந்தார்கள். கசடை அள்ளிப் போக நகராட்சி அவர்களையே நியமித்தது. அப்படித்தான் மாடத்தி தினமும் காலையில் தள்ளுவண்டியோடு பஞ்சவர்ணத்தின் வாசலுக்கு வரத் தொடங்கினாள்.

மாடத்தி பேசுகிறவள். வாளியைக் கவிழ்த்துக்கொண்டே தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை, எந்த வீட்டுக் குப்பையில் என்ன மருந்துச் சீட்டு கிடந்தது, எந்தப் பெரிய மனுசன் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரிடம் தனக்கு ஊசி போட்டுக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டே போவாள். பஞ்சவர்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நாள் முழுக்கக் குமட்டிக்கொண்டிருந்த அவளுக்கு அந்தச் சிரிப்பு ஒரு எலுமிச்சைத் துண்டுபோல. மாடத்திக்கும் நாற்றம் பிடிக்காதுதான். ஒருமுறை பஞ்சவர்ணம் உனக்குக் குமட்டலையா என்று கேட்டதற்கு, குமட்டினால் யார் அள்ளுவார்கள் என்று மட்டும் திருப்பிக் கேட்டாள்.

முதலில் மாடத்தியின் பேச்சிலிருந்து ‘ச’வும் ‘ஷ’வும் போயின. சாமி என்று சொன்னால் ஆமி என்று கேட்டது. பல் விழுந்துவிட்டதா என்று பஞ்சவர்ணம் கேலி செய்தாள். அடுத்து வார்த்தைகளின் நடுப்பகுதி உடைந்தது. வைக்கோலை உள்ளங்கையில் கசக்குவதுபோல ஒரு சத்தத்துக்குள்ளிருந்து பேச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. மார்கழி வருவதற்குள் அடித்தொண்டையில் ஒரு உறுமலும் அதன்மேல் கரகரவென்று ஒரு கிழிசலும்தான் மிச்சம். மாடத்தி வாயைத் திறந்து எதையோ சொல்வாள், தன் சத்தத்தைத் தானே கேட்டு முகத்தைச் சுளித்து நிறுத்திக்கொள்வாள். அவளுக்கு மட்டுமல்ல, குளத்தடித் தெரு முழுவதற்கும் அப்படி ஆகியிருந்தது.

பஞ்சவர்ணம் ஒரு நாள் வண்டியின் பின்னாலேயே நடந்து ஊசிக்குளத்துக்குப் போய்ப் பார்த்தாள். தண்ணீர் தெரியவில்லை. கரை முதல் கரை வரை சாம்பலும் கறுப்புமாக ஆடை படர்ந்திருந்தது. காற்று அடித்தபோது அந்த ஆடை நடுங்கியது, நடுங்கியபோது அதிலிருந்து சத்தம் வந்தது. மண்டபத்திலும் மேடையிலும் கோயிலிலும் அந்த ஊர் தன் குரலிலிருந்து கழித்துப் போட்ட கரகரப்பு மொத்தமும், பேச்சில்லாமல், மூச்சு விடாமல் அங்கே இரைந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளை அழுவது, துருப்பிடித்த தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது. தாய் பாடிய தாலாட்டும் அப்படித்தான் இருந்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். எதைப் பொத்துவது என்று தெரியாமல் காதையும் பொத்தினாள். அந்தத் தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சவர்ணம் கையை எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

குளத்தடித் தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டமாகப் போய் சேர்மனைப் பார்த்தார்கள். அவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ரொம்பப் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் கையை விரித்து, நீங்கள் சொல்வது ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை, தொண்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்து தெளிவாகச் சொல்லுங்கள், கட்டாயம் கவனிக்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைகளிலும் பேருந்திலும் ஊர்க்காரர்கள் அவர்கள் பேச வாயெடுத்தாலே விலகி நின்றார்கள். அந்தச் சத்தம் பல்லைக் கூசச் செய்கிறது என்றார்கள். அந்தத் தெருவுக்கே பிறவியிலிருந்து அப்படித்தான் பேச்சு என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வருடம் ஏழுமடைக்குத் தூய்மை நகரம் என்று விருது கிடைத்தது. காந்தி மைதானத்தில் விழா. திரவியம் ஆம்ப்ளிஃபயர் அருகில் இருந்தான். பஞ்சவர்ணம் மைக்கைச் சரிசெய்ய மேடையில் நின்றாள். அண்டாவை மாற்றுவதற்காக மாடத்தி மேடையின் கீழே, தன் முறைக்குக் காத்து உட்கார்ந்திருந்தாள். பேசியவர்கள் எல்லோரும் தூய்மையைப் பற்றிப் பேசினார்கள், அண்டா பலமுறை நிறைந்தது. ஒரு பேச்சாளர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள், பஞ்சவர்ணம் மாடத்தியின் கையைப் பிடித்து இழுத்து மேடையேற்றி, மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டாள். தான் இதைச் செய்யப் போகிறோம் என்று ஒரு நிமிடம் முன்புவரை அவளுக்கே தெரியாது.

மாடத்தி பேசினாள். மைக்குக்கு இந்தப் பக்கம் உறுமலும் கிழிசலுமாகப் போன சத்தம், பெட்டிக்கு அந்தப் பக்கம் முழுக் குரலாக, ஒவ்வொரு எழுத்தும் கழுவி அடுக்கியதுபோல வந்தது.

“எங்க குளத்துல கொண்டாந்து ஊத்தாதீய. எங்க பிள்ள எங்கள அம்மான்னு கூப்புடுது, அது எங்க காதுக்கே வெளங்கல. ஒங்க தொண்டையில இருந்து வந்தது எங்க தொண்டையில வந்து அடச்சிக் கெடக்கு. எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஒங்களுத நீங்களே வச்சிக்கிடுங்க.”

அவள் பேசி முடிப்பதற்குள் அண்டா பொங்கி வழிந்து மேடை விரிப்பு நனைந்தது. அவள் தொண்டையில் ஊர் சேர்த்து வைத்தது மொத்தமும் அது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கேட்டுவிட்டார்கள், இந்த ஊர் கடைசியில் கேட்டுவிட்டது என்று பஞ்சவர்ணம் நினைத்தாள். அப்போது முன்வரிசையில் யாரோ கைதட்ட, மைதானம் முழுக்கக் கைதட்டியது. சேர்மன் எழுந்து வந்து மைக்கைப் பிடித்து, இந்தத் தாயின் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு இனிமை, கரகரத்த தொண்டையைக்கூடக் கனிய வைக்கிற இப்படியொரு பெட்டி தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டு, திரவியத்தை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மாடத்திக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். மைக்கை விட்டு விலகியதுமே அவள் குரல் மறுபடியும் கிழிந்துவிட்டது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டே கீழிறங்கிப் போனாள். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில், எப்போதும்போல, அவள் தள்ளுவண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். பஞ்சவர்ணத்தின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

இத்தனை நாளும் பஞ்சவர்ணத்துக்குக் கசடுதான் அருவருப்பாக இருந்தது. அன்று காலையில் அந்த அருவருப்பு இடம் மாறியது. கைதட்டிய கைகளை நினைத்தாள். கண்ணைத் துடைத்த முந்தானைகளை நினைத்தாள். மைக்கைக் கொடுத்தால் போதும் என்று நினைத்த தன்னையும் நினைத்தாள். வாளியில் கிடந்தது அவற்றைவிடச் சுத்தமாகத் தெரிந்தது. திரவியம் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஓட்டையின் அளவுக்குப் பலகையை அறுத்து, பசை தடவி, சுற்றிலும் ஆணி அடித்து மூடினாள்.

அந்த வாரம் சேர்மனின் பிறந்தநாள். அவர் மைக்கைப் பிடித்து, என் உயிரினும் மேலான மக்களே என்றார். பெட்டி கரகரவென்று கிழிந்தது. இறங்க வழியில்லாத எல்லாம் அவர் குரலோடு சேர்ந்தே வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் சளி இழுப்பதுபோல ஒரு சத்தம். அவர் குரலை உயர்த்தினார், அது இன்னும் கிழிந்தது. ஜனங்கள் காதைச் சொறிந்தார்கள்; சிலர் இருமினார்கள், தங்கள் தொண்டையில்தான் ஏதோ இருக்கிறது என்பதுபோல. நெற்றியில் அவர் கசடை இட்டுக்கொள்கிற ஆள் கைக்குட்டையை எடுத்து நெற்றியை மெல்லத் துடைத்துக்கொண்டான். சேர்மன் பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

திரவியம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கவிழ்த்துப் பார்த்தான். பலகையைப் பார்த்ததும் அவன் கத்தவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டான். தான் பெற்ற பிள்ளைக்கு யாரோ சூடு வைத்துவிட்டதுபோல அவன் முகம் இருந்தது. பஞ்சவர்ணம் கொல்லைக்குப் போய், ஓட்டையை அடைத்த நாளில் மாடத்தி அள்ளாமல் விட்டுப்போயிருந்த வாளியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“கைய உள்ள விடுங்க.”

அவன் வாளியையும் அவளையும் பார்த்தான்.

“இத்தன நாள்ல ஒரு தடவையாவது தொட்டுப் பாத்திருக்கியளா? ஒங்க பெட்டியில இருந்து வந்ததுதான. விடுங்க.”

அவன் சிரிக்க முயன்றான். பிறகு, அவள் நகராமல் நிற்பதைப் பார்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டு வரை விட்டான். அது அவன் விரல்களுக்கு நடுவில் வெதுவெதுப்பாக ஏறியது. அவன் தோள் குலுங்கியது. கையை வெளியே எடுத்துவிட்டு எழுந்து ஓடப் பார்த்தான். பொன்னாடையைப் போட்டு வைத்திருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, குடல் வெளியே வருவதுபோல வாந்தியெடுத்தான். அவள் தண்ணீர் மோந்து வந்து கொடுத்தாள், முதுகைத் தடவிவிட்டாள், ஆனால் துடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவனே துணியை எடுத்துத் துடைத்தான். சுத்தியலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். பலகை அப்படியே இருந்தது.

ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது. வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்து, அதே மாதிரிப் பெட்டி, அதே இடத்தில் ஓட்டை என்று செய்து பார்த்தார்கள். எல்லாப் பெட்டியும் எல்லா ஊர்ப் பெட்டியும்போலக் கரகரத்தது, அடியில் ஒன்றும் விழவில்லை. அப்புறம் ஏழுமடை, கசடுக்குப் பழகியதுபோலவே கரகரப்புக்கும் பழகிக்கொண்டது. அண்டாவைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டார்கள். மண்டபத்து வாய்க்காலைச் சிமெண்ட் போட்டு மூடினார்கள். இங்கே அப்படியெல்லாம் வழிந்ததா என்று யாராவது கேட்டால், சேச்சே, அது பக்கத்து ஊரில் என்றார்கள். மழை பெய்து, மறுமழையும் பெய்து, ஊசிக்குளத்து ஆடை கிழிந்து கலைந்து, குளம் நிரம்பி வழிகிற மறுகால் வழியாகப் போனது. குளத்தடித் தெருவில் முதலில் தொட்டில் பிள்ளைகளின் அழுகை தெளிந்தது, கடைசியில் கிழவர்களின் இருமல் தெளிந்தது. மாடத்தியின் ‘ச’ திரும்பி வந்துவிட்டது என்று பஞ்சவர்ணம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாள். மாடத்தி அவளிடம் வந்து சொல்லவில்லை. சந்தையில் எதிரே வந்தபோது பஞ்சவர்ணம் நின்றாள். மாடத்தி ஒரு தலையசைப்போடு கடந்துபோய்விட்டாள்.

அடுத்த வருடம் நகராட்சி ஊசிக்குளத்துக்குக் கம்பிவேலி போட்டு, கரையில் நான்கு சிமெண்ட் பெஞ்சுகளை வைத்து, குளத்தைச் சீரமைத்ததாகத் திறப்பு விழா நடத்தியது. நான்கு தெருவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மேடையில் திரவியத்தின் பெட்டியை வைத்தார்கள். சேர்மன் பேசினார், பெட்டி எப்போதும்போலக் கரகரத்தது. பிறகு, குளத்தடித் தெரு மக்களின் சார்பில் நன்றி சொல்ல மாடத்தியை அழைத்தார்கள். போன தடவை எல்லோரையும் கண்கலங்க வைத்தவர் என்று அறிவித்தார்கள்.

மாடத்தி மெதுவாகப் படியேறி வந்தாள். நீலச் சேலை கட்டியிருந்தாள். மைக்குக்குப் பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணம் அவள் உயரத்துக்கு ஸ்டாண்டைத் தாழ்த்தினாள். மாடத்தி சேர்மனைப் பார்த்தாள், பெஞ்சுகளைப் பார்த்தாள், பழைய வழக்கம் விடாமல் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த ஊரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள், பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணத்தையும் பார்த்தாள். தொண்டையை நன்றாகச் செருமிக்கொண்டாள். எல்லோரும் பேச்சுக்காக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“தூ” என்று துப்பினாள்.

பெரிய கூம்பு அதன் கனத்தையும், நடுக் கூம்பு அதன் குரலையும், சின்னக் கூம்பு அதன் எச்சில் தெறிப்பையும் எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று உரசாமல், ஒரு துளிக் கரகரப்பும் இல்லாமல் சொல்லின. குழாய் ஸ்பீக்கர்கள் அதை வாங்கி நான்கு தெருவுக்கும் கொண்டுபோயின. மாடத்தி இறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். டீக்கடையில் நின்றவர்களும், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும், கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்களும், மேடையில் சேர்மனும், ஆம்ப்ளிஃபயர் முன்னால் திரவியமும், ஏழுமடையில் காதுள்ள அத்தனை பேரும் அந்த நேரத்தில் கையை உயர்த்தித் தங்கள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பஞ்சவர்ணமும் துடைத்துக்கொண்டாள். கையைப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.